வீட்டுப் பூனையின் உணவு: குறைந்த செலவில் நிறைந்த போசாக்கு

கிராமிய அபிவிருத்தி பற்றிப் பேசும்போது நாம் பசுவைப் பற்றிப் பேசுகிறோம். ஆட்டைப் பற்றியும் கோழியைப் பற்றியும் வகுப்புகள் நடத்துகிறோம். ஆனால் எமது வீடுகளில் ஒரு சதமும் கேளாமல் வேலை செய்யும் பூனையைப் பற்றி எவரும் பேசுவதில்லை. பால் தராது, முட்டை இடாது, விற்றால் பணம் வராது என்பதனால் அது எமது கணக்கில் வருவதில்லை. எஞ்சியதைத் தின்று எப்படியோ பிழைத்துக்கொள்ளும் என்பதே எமது எண்ணம்.

எப்படியோ பிழைத்துக்கொள்ளும் என்பது உண்மைதானா? எமது ஊர்களில் பிறக்கும் குட்டிகளில் எத்தனை ஒரு வருடத்தைக் காண்கின்றன? காலை இழுத்து நடக்கும் குட்டி, மயிர் உதிர்ந்து எலும்பு தெரியும் தாய்ப்பூனை, இரவில் தட்டித் தடவித் திரியும் குருட்டுப் பூனை ஆகியவற்றை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். இவற்றில் ஒரு பகுதிக்குக் காரணம் நோய். மற்றொரு பகுதிக்குக் காரணம் நாம் வைக்கும் உணவு. உணவினால் வரும் கேட்டை மருந்துச் செலவின்றி நாமே தடுக்கலாம். அதற்கு வேண்டிய அறிவைத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அண்மைக் காலமாகப் பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுப்பதே சிறந்தது என்று பலர் சொல்கின்றனர். வேறு சிலர் அது ஆபத்து என்கின்றனர். இரண்டு பக்கத்திலும் உண்மை உண்டு. அவற்றைப் பிரித்தறிந்து, எமது வருமானத்துக்கும் எமது அடுப்படிக்கும் ஏற்ற வழியைக் காண்போம்.

1. பூனை ஏன் எமக்கு வேண்டும்?

மனிதனும் பூனையும் சேர்ந்த கதை தானியத்தோடு தொடங்கியது. ஏறக்குறைய 10,000 வருடங்களுக்கு முன் மத்திய கிழக்கு நாடுகளில் மக்கள் தானியம் பயிரிட்டுச் சேமிக்கத் தொடங்கினர். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிக் காட்டுப்பூனை வந்தது. சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 வருடங்களுக்கு முற்பட்ட ஒரு புதைகுழியில், ஒரு மனிதனுக்கு அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் 2004இல் அறிவித்தனர். பூனையின் பூர்வீகம் அந்தத் தீவு அல்ல. ஆகவே யாரோ அதனை வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுபோயிருக்க வேண்டும்.

இன்றும் எமது வீட்டு நெல் மூட்டைக்கு எலியே எதிரி. எலி தின்பது ஒரு பங்கென்றால், கடித்தும் சிறுநீர் கழித்தும் கெடுப்பது இன்னொரு பங்கு. அத்தோடு எலியின் சிறுநீர் வழியாகவே எலிக்காய்ச்சல் பரவுகிறது. வயலில் சேற்றுநீரில் நிற்கும் கமக்காரருக்கு அது உயிர்க்கொல்லி நோய். 2024 டிசம்பரில், பெருமழையின் பின் யாழ்ப்பாண மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பரவிப் பல உயிர்கள் போனதை நாம் மறக்க முடியாது. பூனை வளர்த்தால் எலிக்காய்ச்சல் வராது என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தரும் தடுப்பு மருந்தும் சுத்தமான வளவும் வேண்டும். ஆனால் வீட்டையும் நெல் வைத்திருக்கும் அறையையும் சுற்றி எலிக்குஞ்சுகளும் சுண்டெலிகளும் பெருகாமல் பார்ப்பதில் பூனைக்கு ஒரு பங்கு உண்டு. முழு வளர்ச்சியடைந்த அகிழானோடு அநேகமான பூனைகள் மோதுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்குவோம். "பூனைக்குச் சாப்பாடு போட்டால் எலி பிடிக்காது" என்று பலர் பட்டினி போடுகின்றனர். பூனைக்குப் பசி வேறு, வேட்டைக் குணம் வேறு. நல்ல உணவு முன்னால் இருக்கும்போதும், எலி ஓடினால் உணவை விட்டு எழும்பிப் போய்ப் பிடிக்கும். பட்டினியால் மெலிந்த பூனைக்கோ பாய்வதற்குப் பலமும் இல்லை, காத்திருப்பதற்குப் பொறுமையும் இல்லை. அது அயல் வீட்டுக் கோழிக்குஞ்சையும் எமது கறிச்சட்டியையுமே தேடும். ஆகவே நன்றாக உண்ட பூனையே நல்ல காவற்காரன்.

2. பூனையின் உடல் எதனைக் கேட்கிறது?

நாய் மனிதனோடு சேர்ந்து சோறு தின்னப் பழகிவிட்டது. பூனை பழகவில்லை. அதன் உடல் இறைச்சிக்கென்றே அமைந்தது. இதனை ஐந்து விடயங்களில் காணலாம்.

அ) மாட்டுக்கும் மனிதனுக்கும் மஞ்சள், பச்சை நிற மரக்கறிகளில் உள்ள கரோட்டினை விற்றமின் ஏ ஆக மாற்றும் ஆற்றல் உண்டு. பூனைக்கு இல்லை. ஈரல், முட்டை, மீன் போன்றவற்றில் இருந்தே அது விற்றமின் ஏயைப் பெறவேண்டும்.

ஆ) பூனைக்கு மனிதனிலும் பார்க்க மிகக் கூடிய விகிதத்தில் புரதம் வேண்டும். புரதம் குறைந்தாலும் அதன் ஈரல் புரதத்தை எரிப்பதைக் குறைத்துக்கொள்ளாது. உணவில் இல்லையென்றால் தன் தசையையே எரிக்கும். சோறு மட்டும் தின்னும் பூனை வயிறு நிறைந்தும் மெலிவது இதனாலேயே.

இ) பூனை இனிப்பை உணராது. அதற்குரிய மரபணு பூனை இனத்தில் செயலற்றுப் போயிருப்பதை 2005இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆகவே பாலுக்குச் சீனி போட்டுக் கொடுப்பது வீண்செலவு.

ஈ) பூனையின் முன்னோர் வறண்ட நிலத்தவை. இரையில் உள்ள நீரையே பெரும்பாலும் அவை நம்பியிருந்தன. ஒரு எலியின் உடலில் மூன்றில் இரண்டு பங்கு நீர். உலர்ந்த உணவை மட்டும் தின்று, நீர் குறைவாகக் குடிக்கும் பூனைக்குச் சிறுநீர்த் தொல்லை வரலாம். கடுவனுக்குச் சிறுநீர் முற்றாக அடைத்துக்கொண்டால் இரண்டொரு நாட்களில் உயிர் போகும்.

உ) டோரின் என்னும் பொருளைப் பூனையால் போதிய அளவு தன் உடலில் உண்டாக்க முடியாது. இது சதையிலும், இருதயத்திலும், மீனிலும் உண்டு. அரிசியிலோ மரக்கறியிலோ இல்லை. இதைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம். ஏனெனில் பச்சை இறைச்சி பற்றிய விவாதத்தின் திறவுகோல் இதிலேதான் உள்ளது.

3. இரண்டு ஆய்வுகள் தரும் பாடம்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிரான்சிஸ் பொற்றெஞ்சர் என்னும் மருத்துவர் 1932 முதல் 1942 வரை நூற்றுக்கணக்கான பூனைகளை வைத்து ஓர் ஆய்வை நடத்தினார். ஒரு தொகுதிக்குப் பெரும்பாலும் பச்சை இறைச்சியும் காய்ச்சாத பாலும் கொடுக்கப்பட்டன. மற்றத் தொகுதிக்குச் சமைத்த இறைச்சி கொடுக்கப்பட்டது. பச்சையாக உண்டவை நலமாக இருந்தன. சமைத்ததை உண்டவற்றின் குட்டிகள் தலைமுறைக்குத் தலைமுறை நலிந்தன. சமையலே கேடு என்று சிலர் முடிவு கட்டினர். அந்த முடிவை மனிதருக்கும் பொருத்தியவர்கள் உண்டு.

ஆனால் பூனைக்கு டோரின் எவ்வளவு அவசியம் என்பது அந்நாளில் எவருக்கும் தெரியாது. டோரின் இல்லாவிட்டால் பூனையின் விழித்திரை அழிந்து குருடாகும் என்பது 1975இல் வெளிவந்தது. 1987இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த போல் பயன் என்னும் மிருக வைத்தியரும் அவருடன் உழைத்தோரும் இன்னொன்றைக் காட்டினர். இருதயம் வீங்கி இறந்துகொண்டிருந்த பூனைகளின் இரத்தத்தில் டோரின் மிகக் குறைவாக இருந்தது. அவை தின்றது தகரத்தில் அடைத்த, 'முழுமையான உணவு' என்று பெயர்பெற்ற உணவை. டோரினைக் கொடுத்தபோது இருதயம் தேறியது. அதன்பின் தயாரிப்பாளர்கள் தமது உணவில் டோரினைக் கூட்டினர்.

இவற்றிலிருந்து நாம் கற்பது என்ன? டோரின் நீரில் கரையும். இறைச்சியை அவித்து நீரை ஊற்றிவிட்டால் டோரினில் பெரும் பகுதி அந்த நீரோடு போய்விடும். நீரையும் சேர்த்துக் கொடுத்தால் இழப்பு மிகக் குறைவு. பொற்றெஞ்சரின் பூனைகள் நலிந்ததற்கு டோரின் குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று இன்று பலரும் கருதுகின்றனர்.

ஆகவே முதற் கேள்வி, பூனை உண்பது இறைச்சியா சோறா என்பது. பச்சையா சமைத்ததா என்பது அதற்கு அடுத்த கேள்வி. அடுப்பில் வைத்ததனால் கெட்ட பூனைகளிலும் பார்க்க, சோற்றில் ஊறிய குழம்பினால் கெட்ட பூனைகளே எமது ஊரில் அதிகம்.

4. எமது வீடுகளில் வைக்கும் உணவு

சோறும் குழம்பும்: இதுவே பொது வழக்கம். குழம்பில் வெங்காயமும் உள்ளியும் உண்டு. இவை பூனையின் செங்குருதிக் கலங்களை உடைத்து இரத்தச் சோகையை உண்டாக்கும். ஒருநாள் தின்றதனால் சாகாது. நாள்தோறும் தின்றால் வெளிறிப் போகும். ஆகவே பூனையின் பங்கைக் கறி கூட்டுமுன் எடுத்து வைக்கவேண்டும். இக்கட்டுரையில் நீங்கள் ஒன்றையே நினைவில் வைப்பதானால், இதனை நினைவில் வையுங்கள்.

பால்: தாய்ப்பால் மறந்த பூனைக்குப் பாலிலுள்ள சீனியைச் சமிக்கச் செய்யும் ஆற்றல் குறைந்துவிடும். சிலவற்றுக்குக் கழிச்சல் உண்டாகும். பிள்ளைக்கு வாங்கிய பால்மாவைப் பூனைக்குக் கரைப்பது இருவருக்கும் நட்டம். காய்ச்சாத பாலில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2024இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலப் பால் பண்ணைகளில், பறவைக்காய்ச்சல் தொற்றிய பசுக்களின் காய்ச்சாத பாலைக் குடித்த பூனைகள் பல இறந்தன.

மீன் கழிவு: கரையோரக் கிராமங்களில் பூனையின் உணவு இதுவே. மீன் நல்ல உணவுதான். ஆயினும் பச்சை மீனில் ஒரு பொறி உண்டு. சூடை, நெத்தலி இனங்களிலும் சில குளத்து மீன்களிலும், சிறப்பாக அவற்றின் குடலிலும் தலையிலும், தயமின் என்னும் விற்றமின் பி1ஐ அழிக்கும் ஒரு நொதியம் உண்டு. 1930களில் அமெரிக்காவில் தோலுக்காக நரி வளர்த்த பண்ணைகளில், பச்சை மீனைத் தின்ற நரிகள் வாதம் வந்தவை போல விழுந்து இறந்தன. காரணம் இதுவே எனப் பின்னர் தெரிந்தது. பூனைக்கும் இதே கதிதான். முதலில் உணவை வெறுக்கும். பின் நடை தள்ளாடும், தலை நெஞ்சை நோக்கி வளையும், வலிப்பு வரும். ஊரில் பலர் இதனை நஞ்சு தின்றது என்பர். நேரத்தோடு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனால் தயமின் ஊசி காப்பாற்றும். மீனைக் கொதிக்கவைத்தால் அந்த நொதியம் அழிந்துவிடும். ஆகவே எந்த இறைச்சியைப் பச்சையாகக் கொடுத்தாலும், மீனை மட்டும் அவித்தே கொடுக்கவேண்டும்.

அவித்தாலும், கொழுப்பு மிக்க மீனையே நாள்தோறும் கொடுக்கலாகாது. அதனால் விற்றமின் ஈ குறைந்து, உடற்கொழுப்பு மஞ்சளாகி நோகும். தூக்கினால் கத்தும், தொட்டால் சீறும். கிழமைக்கு இரண்டு அல்லது மூன்று நாட்கள் மீன் போதும். கருவாட்டில் உப்பு மிக அதிகம். அதனைத் தவிர்க்கவேண்டும். பேத்தை மீனின் ஈரலும் சினையும் கொடிய நஞ்சு, அவித்தாலும் அழியாது. அவற்றைப் பூனைக்கு எட்டாதபடி புதைத்துவிடுங்கள்.

மீனை உண்ணும் பூனை எமக்கு ஓர் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். யப்பானில் மினமாற்றா என்னும் கரையோர ஊரில் 1950களில் பூனைகள் வலிப்பு வந்து துள்ளித் துள்ளிக் கடலில் விழுந்து இறந்தன. 1956இல் மனிதருக்கும் அந்நோய் வந்திருப்பது உத்தியோகபூர்வமாக அறிவிக்கப்பட்டது. தொழிற்சாலையொன்று குடாவில் கொட்டிய இரசக் கழிவு மீனில் சேர்ந்திருந்தது. பூனையும் பிள்ளையும் ஒரே மீனையே உண்டன. ஊர்ப் பூனைகள் ஒரே காலத்தில் பலவாக நோயுற்றால், அதனை நாம் சும்மா விடலாகாது.

சைவ வீட்டுப் பூனை: மச்சம் புழங்காத வீடுகளில் தயிர்ச்சோறும் பால்சோறும் வைக்கின்றனர். அப்பூனை நலமாகவே இருக்கிறது என்று சொல்வார்கள். அது வளவில் எலி, ஓணான், வெட்டுக்கிளி பிடித்துத் தன் குறையை நிரப்பிக்கொள்கிறது. கட்டி வைத்தாலோ கிழடானாலோ அந்த வழி அடைபட்டுவிடும். அவ்வீட்டார் தம் ஒழுக்கத்தை விடவேண்டியதில்லை. அவித்த முட்டையை ஏற்கக் கூடியவர்கள் அதனைக் கொடுக்கலாம். ஆனால் முட்டையில் டோரின் மிகச் சொற்பம். அயல் வீட்டார் ஒருவர் தம் பூனையோடு இதற்கும் ஒரு பிடி வைத்தால் குறை தீரும். எமது ஊர்களில் இது கடினமான ஏற்பாடு அல்ல.

5. பச்சையாகக் கொடுப்பது எப்போது தகும்?

பச்சை இறைச்சியில் நன்மை உண்டு. விற்றமின்கள் அழிவதில்லை. நீர் இருக்கிறது. பச்சை எலும்பு மெல்லியது. கடித்துண்ணும்போது பல்லைத் துலக்கும். சமைத்த கோழி எலும்போ கூராக உடைந்து குடலைக் குத்தும். அதனை ஒருபோதும் கொடுக்கலாகாது.

ஆபத்தும் உண்டு. பச்சைக் கோழியில் சல்மொனெல்லா போன்ற பற்றீரியாக்கள் இருக்கலாம். பூனை தாங்கிக்கொள்ளும், அதன் கழிவு வழியாகவும், இறைச்சி வெட்டிய பலகை வழியாகவும் பிள்ளைகளுக்குத் தொற்றும். இரண்டாவது, டொக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி. பச்சை இறைச்சியில் இருந்தோ எலியில் இருந்தோ பூனைக்குத் தொற்றினால், முதல் ஓரிரு கிழமைகள் அதன் மலத்தில் வெளிவரும். கர்ப்பிணித் தாய்க்கு முதன்முறை தொற்றினால் வயிற்றிலுள்ள பிள்ளையைத் தாக்கலாம். இதற்காகப் பூனையைத் துரத்தவேண்டியதில்லை. மலத்தை ஒவ்வொரு நாளும் வேறொருவர் அகற்றிப் புதைத்தால் போதும். வெளிவந்து ஒரு நாளாவது செல்லாமல் அது தொற்றாது. கர்ப்பிணிகள் தோட்டவேலையின் பின் கை கழுவுவதும், கீரையை நன்கு அலசுவதும், தாம் உண்ணும் இறைச்சியை நன்கு சமைப்பதும் அவசியம்.

ஆகவே பின்வரும் நான்கு நிபந்தனைகளும் நிறைவேறினால் மட்டும் பச்சையாகக் கொடுக்கலாம் என்பது எனது கருத்து:

• அன்று வெட்டிய இறைச்சி, தெரிந்த கடையில் வாங்கியது. தானாகச் செத்த கோழி, நோயுற்ற கோழி எந்நாளும் ஆகாது. பறவைக்காய்ச்சல் பூனைக்கும் தொற்றும்.
• வீட்டில் உறைகுளிர் உள்ள குளிர்சாதனப் பெட்டி உண்டு. மூன்று நாட்களாவது உறையவைத்தால் ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் அழியும். பற்றீரியா அழியாது என்பதை மறவாதீர்கள்.
• வீட்டில் கர்ப்பிணியோ, தவழும் குழந்தையோ, நோயினால் பலம் குன்றியவரோ இல்லை.
• பூனைக்கென்று தனிக் கத்தி, தனிப் பலகை, தனித் தட்டு உண்டு. தின்று அரை மணித்தியாலத்தில் மீதியை எடுத்துவிட ஆள் உண்டு.

இவற்றில் ஒன்று குறைந்தாலும் இலேசாக அவித்து, அவித்த நீரோடு ஆறவைத்துக் கொடுங்கள். அதனால் பூனைக்குக் குறை எதுவுமில்லை. எமது வெயிலில் இதுவே பெரும்பாலான வீடுகளுக்கு ஏற்ற வழி.

6. அளவும் கலவையும்

எமது நாட்டுப் பூனை பெரும்பாலும் 3 முதல் 4 கிலோ எடையுள்ளது. நாளொன்றுக்கு அதன் எடையில் நூற்றுக்கு நான்கு பங்கு உணவு வேண்டும். 3 கிலோப் பூனைக்கு 120 கிராம். இதனைக் காலை, மாலை என இரு வேளையாகப் பிரிக்கலாம். எலி பிடிக்கும் பூனைக்குச் சற்றுக் குறைத்தாலும் பிழையில்லை. எலிகளை மட்டுமே நம்பி வாழ்வதானால் அதற்கு நாளுக்கு ஆறேழு சுண்டெலிகளாவது வேண்டியிருக்கும். எந்த வளவும் அவ்வளவு தராது.

முதலாம் கலவை (பச்சையாக, ஒரு கிலோ):
கோழிக் கழுத்து, தோல் நீக்கி எலும்போடு நன்கு கொத்தியது – 300 கிராம்
கோழிச் சதை, இரைப்பை, காற்சதைத் துண்டுகள் – 550 கிராம்
கோழி இருதயம் – 100 கிராம்
கோழி ஈரல் – 50 கிராம்

கலந்து எட்டுப் பங்காக்கி உறையவையுங்கள். ஒரு பங்கு ஒரு நாளைக்கு. முதல்நாள் இரவே கீழ்த்தட்டில் வைத்து இளகவிடவேண்டும். வெளியே வெயிலில் அல்ல. கிழமைக்கு ஒருமுறை அவித்த முட்டை மஞ்சட்கரு ஒன்றைச் சேர்க்கலாம். பச்சை வெள்ளைக்கரு நல்லதல்ல.

இரண்டாம் கலவை (அவித்து, எலும்பின்றி, அரைக் கிலோ):
கோழி அல்லது மாட்டிறைச்சித் துண்டு துணுக்குகள் – 425 கிராம்
இருதயம் – 50 கிராம்
ஈரல் – 25 கிராம்
முட்டைக்கோதுத் தூள் – அரைத் தேக்கரண்டி

சிறிது நீரில், உப்பும் தூளும் இன்றி, நிறம் மாறும்வரை அவித்து அந்த நீரையும் சேருங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்கள் அன்றன்று வேண்டிய அளவுக்கே அவிக்கவேண்டும்.

முட்டைக்கோதைக் கழுவி, வறுத்து, அம்மியில் மாவாக அரைத்துப் போத்தலில் வைக்கலாம். இது கல்சியத்துக்காக. வெறும் சதையில் பொஸ்பரசு அதிகம், கல்சியம் மிகக் குறைவு. எலும்பும் கோதும் இன்றி வெறும் இறைச்சியை மட்டும் தின்னும் குட்டி, தன் எலும்பிலிருந்தே கல்சியத்தை எடுக்கும். இரண்டொரு மாதங்களில் எலும்பு மெலிந்து, சிறு துள்ளலில் கால் முறியும். காலை இழுக்கும் குட்டிகள் பலவற்றின் கதை இதுதான்.

ஈரலின் அளவைக் கூட்டாதீர்கள். மலிவென்று நாள்தோறும் ஈரலையே கொடுத்தால் விற்றமின் ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் ஒட்டிப் பூனை குனிய முடியாமற் போகும்.

மூன்றாம் கலவை (மீன் நாள்):
சூடை, நெத்தலி போன்ற சிறுமீன், அல்லது பெரிய மீனின் தலைச் சதையும் ஓரத் துண்டுகளும் – 100 கிராம். குடலை நீக்கி, சிறிது நீரில் அவித்து, பெரிய முள்ளை எடுத்து, நீரோடு பிசையுங்கள். நெத்தலியின் மெல்லிய முள் கல்சியமாகும். கெளிறு போன்றவற்றின் கூர்முள் தொண்டையில் சிக்கும். வேண்டுமானால் ஒரு பிடி சோறு சேர்க்கலாம். எந்த நாளிலும் சோறு கால் பங்கைத் தாண்டலாகாது.

7. செலவு

நாளுக்கு 120 கிராம் என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. அதிகமாகத் தெரிகிறதா? கணக்கைப் பிரித்துப் பாருங்கள். கிழமைக்கு இரு நாட்கள் மீன் வாங்கும் வீட்டில், தலையும் ஓரமும் அந்நாட்களுக்குப் போதும். எஞ்சிய ஐந்து நாட்களுக்கு வேண்டியது 600 கிராம். கழுத்து, இரைப்பை, இருதயம், ஈரல் என்பன கடையில் சதையிலும் பார்க்க மலிவு. மாலையில் கடை மூடும்போது சில கடைக்காரர் துண்டு துணுக்குகளைச் சும்மாவும் தருவர்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் இறக்குமதியான பைக்கற் உணவு பலருக்கு எட்டாத பொருளானது. அப்போது பலர் ஒரே நாளில் சோற்றுக்கு மாறினர். எமது கடையிலும் எமது கடலிலும் கிடைப்பதைக் கொண்டு உணவமைக்கத் தெரிந்தவருக்கு அவ்வாறான நாட்கள் அவ்வளவு கடினமல்ல. பைக்கற் உணவு வாங்கக் கூடியவர்கள் அதனைக் கைவிடவேண்டுமென்பதில்லை. பூனைக்கென்றே தயாரித்த நல்ல உணவில் டோரினும் கல்சியமும் அளவாக உண்டு. அதனோடு தாராளமாக நீர் வையுங்கள். ஆனால் நாய்க்கான உணவு பூனைக்குப் போதாது.

ஐந்தாறு வீடுகள் சேர்ந்து, குளிர்சாதனப் பெட்டி உள்ள ஒரு வீட்டில் கிழமைக்கு ஒருமுறை கலவை தயாரித்துப் பங்கிட்டால் செலவும் வேலையும் குறையும். மாதர் சங்கங்கள் இதனை முயன்று பார்க்கலாம்.

8. கவனத்துக்கு

• புதிய உணவுக்கு ஏழு முதல் பத்து நாட்களில் படிப்படியாக மாற்றுங்கள். பட்டினி போட்டுப் பழக்காதீர்கள். இரண்டு நாட்களுக்கு மேல் எதுவும் உண்ணாத பூனைக்கு ஈரல் கெடலாம்.
• குட்டிக்கு நான்கு கிழமையில் இருந்து நன்கு அரைத்த உணவை, நாளுக்கு நான்கு வேளை கொடுங்கள். பால் கொடுக்கும் தாய்க்கு இரு மடங்கு வேண்டும்.
• பூனைக்குக் காய்ச்சல் என்று பனடோல் கொடுக்காதீர்கள். ஒரு குளிசையே அதனைக் கொல்லும்.
• எலிப்பாஷாணம் வைத்த வளவில் பூனையை விடாதீர்கள். நஞ்சுண்ட எலியைத் தின்ற பூனையும் சாகும். பாஷாணமா, பூனையா என்பதை அயலவரோடு பேசித் தீர்மானியுங்கள்.
• வருடத்துக்கு ஒருமுறை விசர்நோய்த் தடுப்பூசியும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்தும் அவசியம்.
• வளர்க்கக் கூடிய அளவுக்கே வளருங்கள். ஒரு வீட்டுக்கு ஒன்றிரண்டு போதும். கருத்தடைச் சத்திரசிகிச்சை பற்றி அரச கால்நடை வைத்திய அதிகாரியிடம் விசாரியுங்கள். பிறந்த குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையடியில் விடுவதிலும் பார்க்க அது எவ்வளவோ மேல்.

ஒரு பூனைக்கு நாளுக்கு ஒரு பிடி இறைச்சி போதும். அந்தப் பிடியைக் கறி கூட்டுமுன் எடுத்து வைப்பதற்குப் பணம் தேவையில்லை, கவனம்தான் தேவை. இரவில் எமது நெல்லுக்குக் காவல் இருக்கும் உயிருக்கு அவ்வளவாவது நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

குழுவில் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் பூனைகளுக்கு என்ன உணவு வைக்கப்படுகிறது? அதில் இறைச்சி அல்லது மீன் எத்தனை பங்கு?
2. கடந்த ஒரு வருடத்தில் எமது வீடுகளில் பிறந்த குட்டிகளில் எத்தனை உயிரோடு உள்ளன? இறந்தவற்றில் என்ன அறிகுறிகள் காணப்பட்டன?
3. எமது ஊர்க் கடைகளில் வீணாகும் இறைச்சி, மீன் பகுதிகள் எவை? அவற்றை ஒழுங்காகப் பெற என்ன செய்யலாம்?
4. எலிப்பாஷாணம் வைப்பது பற்றி கமக்காரர் அமைப்பும் அயல் வீட்டாரும் ஓர் உடன்பாட்டுக்கு வரமுடியுமா?